அசல், நகல், பதில்

ஜோசர் மன்னரைப் பார்க்க ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சக்காராவின் படிக்கட்டுப் பிரமிடுக்கு வடக்கே, அதன் அடிவாரத்தை ஒட்டிக் கதவும் ஜன்னலும் இல்லாத கல்பெட்டி ஒன்று சற்றே சாய்ந்து நிற்கிறது. முன்பக்கச் சுவரில் இரண்டு துளைகள். ஒன்றில் கண்ணை வைத்தால், முதலில் இருட்டு. கொஞ்சம் பொறுத்தால் ஒரு முகம். நாற்காலியில் அமர்ந்து, நாம் நிற்கும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கிறார் 4,600 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தின் அரசர்.

எனக்குப் பின்னால் நின்ற அக்கா மகன் மெதுவாகச் சொன்னான்: "மாமா, உள்ள இருக்கிறது அவர் இல்ல. அசல் தஹ்ரீர் மியூசியத்துல இருக்கு. இது டூப்பு."

கெய்ரோவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். "ஒரு தடவை வந்து பாருங்க மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தவன், 2023 ஜனவரியில் டிக்கெட்டையே எடுத்து அனுப்பிவிட்டான். விமான நிலையத்திலிருந்து வரும்போதே அவனுடைய அரபுப் பாடம் தொடங்கியிருந்தது. கடைவாசலில் கூவுகிறவர்கள் 'அஸ்லி, அஸ்லி' என்கிறார்களே, அதுதான் நம்முடைய 'அசல்'. பிரதி எடுப்பதற்கு அரபியில் 'நக்ல்'. அதே சொல்லுக்கு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது என்றும் பொருள் உண்டாம். பொதுப் போக்குவரத்துக்கே அங்கே அந்தப் பெயர்தான். ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று என்றால் 'பதல்'. நம் ஊரில் அது 'பதில்' ஆகி, கேள்விக்குக் கொடுப்பதற்கும் ஆளுக்கு ஆள் நிற்பதற்கும் சேர்த்து ஒரே சொல்லாக நின்றுவிட்டது. நவாபுகளின் காலத்துக் கச்சேரிகள் வழியாகத் தமிழுக்குள் வந்து தங்கிவிட்ட சொற்கள் இவை. பத்திர ஆபீஸ் வாசலில் அன்றாடம் புழங்கும் சொற்களுக்குச் சொந்த ஊர் இங்கே இருக்கிறது என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

துளையிலிருந்து கண்ணை எடுத்தபோது, 'டூப்பு' என்று அவன் சொன்னதில் ஏதோ இடித்தது. உள்ளே இருப்பது நகல் என்பது சரி. 1924-25இல் செசில் ஃபிர்த் என்ற ஆங்கிலேயர் இந்தப் பெட்டிக்குள் கண்டெடுத்த சுண்ணாம்புக்கல் சிலை தஹ்ரீர் சதுக்க அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஆனால் அந்த அசல் மட்டும் யார்? உடல் கெட்டுப்போனால், திருடு போனால், இறந்தவரின் உயிர்ச்சக்தி வந்து தங்க வேறோர் இடம் வேண்டும் என்பதற்காகச் செய்து வைத்தது அது. 'கா' என்று அந்தச் சக்திக்குப் பெயர். துளைகள் நாம் உள்ளே பார்ப்பதற்கானவை அல்ல. அவர் வெளியே பார்ப்பதற்காக, முன்னால் போடும் தூபத்தை முகர்வதற்காக, வடவானத்தில் மறையாத நட்சத்திரங்களை நோக்கி வைத்தவை. ஆக, அந்தச் சிலையே ஓர் உடலுக்குப் பதில். இப்போது அந்தப் பதிலுக்கும் ஒரு பதில் உட்கார்ந்திருக்கிறது. பிரமிடுக்கு அடியில் அவருடைய உடல் என்று உறுதியாகச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. பதில் வைத்தவர்களின் முன்யோசனை வீண்போகவில்லை.

சக்காராவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பிரமிடைப் படம் எடுத்துக்கொண்டு கீசாவுக்கு ஓடிவிடுகிறார்கள். அவசரப்படக் கூடாது. இந்த வளாகம் முழுக்கவே ஒன்றுக்கு ஒன்று ஈடாக நிற்கிறது. சுற்றுமதில் பத்தரை மீட்டர் உயரம். மொத்த நீளம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். அதில் பதினைந்து வாசல்கள். பதினான்கு வெறும் கல்லில் செதுக்கியவை, திறக்காது. ஒன்றே ஒன்று உண்மையான வழி. அந்த வழியில் நுழைந்தால் பக்கத்துச் சுவரில் ஒரு கதவு திறந்து மடங்கி நிற்கிறது. தொட்டுப் பார்த்தேன்: கல். 4,600 ஆண்டுகளாகத் திறந்தே இருக்கும் கதவு அது. மூட வழி கிடையாது.

உள்ளே இரு வரிசையாக நாற்பது தூண்கள். ஒவ்வொன்றும் நாணல் கட்டுப் போல வரிவரியாகச் செதுக்கியிருக்கிறது. மேலே கூரைக்கல், பனைவாரை அடுக்கினாற்போல் உருண்டையாக வெட்டப்பட்டிருக்கிறது. அதற்கு முன் எகிப்தியர் நாணலாலும் மரத்தாலும் பச்சைச் செங்கல்லாலும் கட்டினார்கள். எல்லாம் மட்கிப் போகும். இம்ஹோதெப் என்ற அமைச்சர் அத்தனையையும் கல்லுக்கு மாற்றினார் என்பது மரபு. சினிமா செட்டில் அட்டையைக் கல் என்று நம்ப வைப்பார்கள். இவர் கல்லைப் புல் என்று நம்ப வைத்தார். பூமிக்கடியில் இன்னும் ஒரு படி மேலே போனார்: நாணல் பாய் தொங்கும் சுவர் வேண்டும் என்று, நீலப் பளபளப்பு ஓடுகளை ஆயிரக்கணக்கில் பதித்துப் பாய் 'நெய்திருக்கிறார்'.

அப்பால் ஒரு முற்றம். அரியணை ஏறி முப்பது ஆண்டு ஆனால் மன்னர் ஓடிக் காட்டித் தம் உடல்வலுவை நிரூபிக்கும் செத் விழாவுக்கானது. இருபுறமும் கோயில்கள்போல் முகப்புகள். சுற்றிப் போய்ப் பின்பக்கம் பார்த்தால் உள்ளே அறையே இல்லை, கல்லும் மண்ணும் அடைத்த திண்டு. இறந்தவர் என்றைக்கும் விழாக் கொண்டாட இது போதும். கதவும் அறையும் உயிருள்ளவனுக்குத்தானே வேண்டும். தெற்குப் பக்கத்தில் இரண்டாவது கல்லறை ஒன்றும் உண்டு. அதன் பேழை அறை ஓர் ஆளை நீட்டிப் படுக்க வைக்கப் போதாது. எதற்காகக் கட்டினார்கள் என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஒரு கல்லறைக்கே ஒரு பதில் கல்லறை என்றால் எனக்கு வியப்பில்லை.

நாம் பார்க்கும் மதிலிலும் தூண்களிலும் ஒரு பகுதி, விழுந்து கிடந்த கற்களை எடுத்து அடுக்கி, இல்லாத இடத்தில் புதுக்கல் வைத்து ழான்-ஃபிலிப் லோயே எழுப்பியது. 1926இல் இங்கே வந்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர், 2001இல் சாகும்வரை இந்த மணலை விடவில்லை. எது பழையது, எது அவர் வைத்தது என்று தேடிப் பார்த்துக்கொண்டு நடப்பது நல்ல பொழுதுபோக்கு. வெயில் ஏறினால் அதுவும் போய்விடும்.

மதியத்துக்கு முன் மெரெருகாவின் கல்லறைக்குப் போனோம். தேத்தி மன்னரின் முதலமைச்சர். முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட வீடு மாதிரி ஒரு கல்லறை. தூண் மண்டபத்தில், சுவர் மாடத்துக்குள்ளிருந்து இடதுகால் முன்வைத்து அவர் நடந்து வருகிறார். காலடியில் படிகள், படிகளுக்குக் கீழே படையல் வைக்கும் கல். சட்டென்று பார்த்தால் ஒரு கணம் வழிவிட்டு ஒதுங்கத் தோன்றும். எகிப்தியக் கல்லறைகளில் இப்படிச் சுவரில் ஒரு போலிக் கதவு இருக்கும். இறந்தவர் அதன் வழியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

சாப்பாடு என்றதும் நம் ஆள்களுக்கு எழும் கேள்வி, யார் தினமும் படைப்பது? பிள்ளைகள் எத்தனை தலைமுறைக்கு வருவார்கள்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. ரொட்டி இல்லாவிட்டால் ரொட்டி போலக் கல். அதுவும் இல்லாவிட்டால் சுவரில் சித்திரம். சித்திரம் அழிந்தால் எழுத்து. ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குடம் பீர், ஆயிரம் மாடு, ஆயிரம் வாத்து என்று எண்ணோடு வெட்டி வைத்துவிடுவார்கள். வழிப்போக்கர்களே, இதை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போங்கள், உங்களுக்குச் செலவாவது மூச்சு மட்டும்தானே என்று கெஞ்சும் கல்வெட்டுகள்கூட உண்டு. இந்தப் படிநிலையை நினைத்துக்கொண்டே நின்றேன். பொருளுக்குப் பதில் உருவம், உருவத்துக்குப் பதில் சொல், சொல்லுக்குப் பதில் யாரோ ஒரு முகம் தெரியாதவனின் மூச்சு.

வெளியே வந்து சாலையோரக் கடையில் தேநீர் சொன்னோம். பதின்ம வயதுப் பையன் ஒருவன் "ஹாடிர்" என்று சொல்லிவிட்டு ஓடினான். "அப்படின்னா?" என்றேன். "சரிங்க, இதோ வந்துட்டேன்னு அர்த்தம். இங்க எதைச் சொன்னாலும் முதல்ல இதுதான் வரும் மாமா. தேநீர் வர்றது அப்புறம்."

சக்காராவில் எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மணலுக்கு அடியில் நீளும் சுரங்கங்களில் அரிவாள்மூக்கன் பறவைகளைப் பதப்படுத்திப் பானைகளில் அடைத்து லட்சக்கணக்கில் அடுக்கியிருக்கிறார்கள். நாய்களுக்கு, பருந்துகளுக்கு, பூனைகளுக்குத் தனித்தனி இடம். பக்தர் காசு கொடுப்பார். கோயில்காரர்கள் அவர் சார்பில் ஒரு பொட்டலத்தைக் கடவுளுக்குச் சேர்ப்பார்கள். பிரிட்டனின் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 800க்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட விலங்கு மம்மிகளை எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் பார்த்து 2015இல் முடிவு சொன்னார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் எலும்பே இல்லை. நாணலும் சேறும் துணியும் வைத்து, வெளியே மட்டும் அழகாகக் கட்டியிருந்தது. இதை மோசடி என்று சொல்லக் கூடாது, விலங்கு இருந்த கூட்டின் துகளும் முட்டையோடும்கூடப் புனிதம் என்று அவர்கள் கருதியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இருக்கலாம். ஆனால் சக்காராவிலேயே கிடைத்த, கி.மு. 2ஆம் நூற்றாண்டின் ஹோர் என்ற கோயில் எழுத்தரின் குறிப்புகள் வேறு மாதிரி பேசுகின்றன. பறவை வழிபாட்டில் முறைகேடு, விசாரணை, இனி ஒரு பாத்திரத்துக்கு ஒரு கடவுள் என்ற விதி. கேட்டவருக்குத் தெரியாமல் வைத்த பதிலுக்கு அந்தக் காலத்திலும் ஏமாற்று என்றுதான் பெயர் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

மறுநாள் தஹ்ரீர் அருங்காட்சியகம். 1902இல் திறந்த ரோஜா நிறக் கட்டடம். ஜோசரின் அசலை முதலில் பார்த்தேன். கண்ணில் பதித்திருந்த கற்களைத் திருடர்கள் பெயர்த்துவிட்டார்கள், மூக்கு உடைந்திருக்கிறது. நேற்றுத் துளை வழியாகப் பார்த்தவரைவிட இவர் எனக்கு அந்நியராக இருந்தார். இருட்டும் பெட்டியும் இல்லாமல், குழாய்விளக்கில் உட்கார வைத்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

மற்ற நேரத்தையெல்லாம் மாடியில் உஷப்தி பொம்மைகளிடம் செலவிட்டேன். ஒரு சாண், அரைச் சாண் உயரம். மம்மிபோல் சுற்றிய உடல், மார்பில் குறுக்காகக் கைகள், கைகளில் மண்வெட்டி, முதுகில் விதைப்பை. பல நீலம், சில பச்சை. களிமண் என்று நினைப்போம். பெரும்பாலானவை படிகக்கல் பொடியைப் பிசைந்து சுட்டு எடுத்தவை. உடம்பில் எழுத்து. அந்த எழுத்தில் இருப்பது ஒரு வேலைநிறுத்தம் செய்யாத தொழிலாளியின் ஒப்பந்தம்.

எகிப்தியருக்குச் சொர்க்கத்திலும் வேலை இருந்தது. அங்கேயும் வயல், வாய்க்கால், கரை. நைல் வெள்ளம் வடிந்ததும் அரசாங்கம் ஊரைக் கூப்பிட்டுக் கரை போட வைக்கும், கூலி கிடையாது. சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருகிறதே, அதே சங்கதி. சூயஸ் கால்வாயின் முதல் சில ஆண்டுகளில்கூட எகிப்திய விவசாயிகளை இப்படித்தான் கொண்டுவந்து தோண்ட வைத்தார்கள். செத்த பிறகும் இந்த அழைப்பு வரும் என்று பயந்தவர்கள், அழைத்தால் போக ஓர் ஆளைக் கூடவே புதைத்தார்கள். இறந்தோர் நூலின் ஆறாம் பகுதி இதற்கானது. வயலை உழவோ, கரைக்கு நீர் பாய்ச்சவோ, மணலைக் கிழக்கிலிருந்து மேற்குக்குச் சுமக்கவோ இன்னாரைக் கூப்பிட்டால், 'இதோ நான்' என்று நீ சொல்ல வேண்டும் என்று பொம்மைக்கு உத்தரவு. உஷப்தி என்ற பெயரைப் பிற்கால எகிப்தியர் 'மறுமொழி சொல்பவன்' என்றே பொருள் கொண்டார்கள்.

இது உறைத்ததும் அக்கா மகனின் தோளைப் பிடித்து நிறுத்தினேன். "டேய், பதில் சொல்றவன், பதிலுக்குப் போறவன். ரெண்டும் ஒருத்தன்தான். நம்ம சொல்லு ஒண்ணே போதும்." அவன் கொஞ்சம் யோசித்தான். "அந்த டீக்கடைப் பையன் சொன்னானே மாமா, ஹாடிர். அதுதான் உருதுல ஹாஸிர், நம்ம கோர்ட்டுல ஆஜர்." கண்ணாடிப் பேழைக்குள் அடுக்கி நின்ற அத்தனை பேரும் அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தயாராக நிற்பதாகப் பட்டது. டவாலி கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.

தொடக்கத்தில் ஒருவருக்கு ஒரு பொம்மை போதும் என்றிருந்தது. அதுவும் வேலைக்காரன் அல்ல, இறந்தவரின் மறு உருவம். பிறகு ஆசை வளர்ந்தது. துத்தன்காமன் கல்லறையில் 413 உஷப்திகள்: நாளுக்கு ஒருவர் வீதம் 365, பத்துப் பேருக்கு ஒரு மேஸ்திரி வீதம் 36, மாதத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு தலைமை மேஸ்திரிகள். மேஸ்திரி கையில் மண்வெட்டி இல்லை, சாட்டை. சூடானின் நூரியில் தஹர்கா மன்னருக்கு ஆயிரத்துக்கும் மேல். இறந்த ஊரிலும் மேஸ்திரி இல்லாமல் வேலை நடக்காது என்று நினைத்த சமூகத்தை என்னவென்பது!

இதைவிட ருசியானது கணக்கு வழக்கு. 401 உஷப்திகளுக்கு முழு விலையும் வாங்கிக்கொண்டேன் என்று செய்தவர் எழுதிக் கொடுத்த பாப்பிரஸ் ரசீது ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நெஸ்கோன்ஸ் என்ற பெண்மணிக்காக, அமுன் கடவுளே தீர்ப்புச் சொன்னதாக எழுதிய பலகைகளும் உண்டு. இந்தப் பொம்மைகளுக்காகக் கைவினைஞருக்குக் கொடுத்த தொகைதான் பொம்மைகளின் கூலி, ஆகவே அவை அவளுக்கு உழைத்தே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். உயிருள்ளவனிடம் கூலி இல்லாமல் வேலை வாங்கிய நாடு, பொம்மையிடம் மட்டும் கூலி பாக்கி வைக்கப் பயந்திருக்கிறது.

இந்தப் பொம்மைகளைப் பற்றி வழிகாட்டிகள் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆதியில் அரசனோடு வேலையாட்களைக் கொன்று புதைத்தார்கள், பிறகு மனிதனுக்குப் பதில் பொம்மை வைத்தார்கள் என்று. நரபலிக்குப் பதில் பூசணிக்காய் என்று நாம் சொல்கிறோமே, அதுபோலக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் பாதி பெரும்பாலும் உண்மை: அபிதோஸில் முதல் வம்ச மன்னர் ஜேரின் கல்லறையைச் சுற்றி முந்நூறுக்கும் மேற்பட்ட துணைக் கல்லறைகள் இருக்கின்றன, அவற்றில் புதைக்கப்பட்டவர்களில் பலர் கொல்லப்பட்டவர்கள் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. ஆனால் அந்த வழக்கம் அந்த வம்சத்தோடு நின்றுவிட்டது. உஷப்தி தலைகாட்டியது அதற்கு எட்டு, ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து. இடையில் இத்தனை தலைமுறை சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று மனிதனின் இடத்தில் பொம்மையை நிறுத்தினார்கள் என்பதை நான் நம்பவில்லை.

சில உஷப்திகளின் நெஞ்சில் எழுத்து பாதியில் நின்று, ஒரு சின்ன வெற்றிடம் இருக்கும். பெயர் எழுத விட்ட இடம். பட்டறையில் மொத்தமாகச் செய்து வைத்து, வாங்குகிறவர் பெயரைப் பிறகு போட்டுக்கொடுப்பார்கள். அந்த முகங்கள் யாரையும் போல இல்லை. போல இருக்க வேண்டிய தேவையும் இல்லை. நகலுக்குத்தான் சாயல் வேண்டும். பதிலுக்குப் பெயரும் வேலையும் இருந்தால் போதும். பழைய மன்னர்களின் சிலைகளை இரண்டாம் ராம்சேஸ் தன்னுடையதாக்கிக்கொண்டபோது பலவற்றில் செய்த முக்கிய மாற்றம் பெயரைச் செதுக்கிப் போட்டதுதான். சிலை அதன் பிறகு ராம்சேஸ்.

மாலையில் கான் எல்-கலீலி கடைத்தெருவில் நானும் ஓர் உஷப்தி வாங்கினேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி "அஸ்லி" என்றார். 1983ஆம் ஆண்டின் 117ஆம் சட்டப்படி பழம்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போனால் சிறை. ஆகவே அவர் சொன்னது உண்மையானால் நான் குற்றவாளி, பொய்யானால் ஏமாளி. ஏமாளியாகவே இருந்துவிடுவது என்று முடிவு செய்து, சொன்ன விலையில் நான்கில் ஒரு பங்கு கொடுத்தேன். அடுத்த கடையில் அதே பொம்மை அதிலும் பாதி விலை. அக்கா மகன் நெஞ்சிலிருந்த எழுத்தைப் படம் பிடித்து, படிக்கத் தெரிந்த ஒரு நண்பனுக்கு அனுப்பினான். இரவு பதில் வந்தது: அதில் சொல்லே இல்லை, எழுத்துகள் மட்டும் இருக்கின்றன.

ஊருக்குத் திரும்பும் நாள், விடியற்காலை மூன்று மணிக்கு விமான நிலையத்துக்குக் கார் வர வேண்டும். நான்கு நாளும் எங்களை ஏற்றிச் சுற்றிய ஓட்டுநர் வயதானவர், வெள்ளை மீசை, கைப்பிடியில் ஒரு ஜபமாலை தொங்கும். வந்தது அதே கார்; ஜபமாலையும் அங்கேயே தொங்கியது. ஓட்டுநர் இருக்கையில் முப்பது வயது தாண்டாத ஒருவன், மீசையே இல்லை.

அண்ணன் எங்கே என்று அக்கா மகன் அரபியில் கேட்டான். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, அவன் தன் நெஞ்சில் கைவைத்துச் சொன்ன இரண்டு சொல்லை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "அனா பதாலு." நான் அவருக்குப் பதில்.

பெட்டியை எடுத்து வைத்தோம். முன் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடச் சொன்னேன், எப்போதும் அண்ணனிடம் சொல்வதைப் போல.

"ஹாடிர்" என்றான்.